கார்டுதானே போச்சு, சாவி இருக்கே!

லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆனவன் என்ன செய்வான்? நடப்பான், பஸ் ஏறுவான், யாரையாவது கெஞ்சிக் கொண்டுபோய் விடச் சொல்வான் என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்திருக்கலாம். எங்கள் பேட்டையில் அவன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். எங்கே? சஸ்பெண்ட் ஆன லைசென்சுக்கு விளக்கம் சொல்ல ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு! ஆபீஸ் வாசலில் நிறுத்தினால் மரியாதையாக இருக்காது என்று அடுத்த தெருவில் டீக்கடை ஓரமாக நிறுத்துகிறான். ஹெல்மெட்டை டீக்கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுக் கைகட்டி உள்ளே போகிறான். "இனிமே ஒழுங்கா ஓட்டுவேன் சார்" என்று எழுதிக் கொடுக்கிறான். வெளியே வந்து அதே வண்டியைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான்.

இதை என்னிடம் சொன்னவர் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. சாமர்த்தியமாகத்தான் சொன்னார். சுற்றி இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். "அப்ப பஸ்ல போயிருக்கலாம்ல அண்ணே?" என்று கேட்டேன். என்னை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, வேட்டி கட்டாமல் வந்தவனைப் பார்ப்பது போல. "பஸ்லயா? ரெண்டு பஸ் மாறணும் தம்பி" என்றார். பேச்சு முடிந்தது. குடித்துவிட்டு ஓட்டியதற்காக ஓட்டக் கூடாது என்று அரசாங்கம் சொல்லியிருக்கிறது. ரெண்டு பஸ் மாற வேண்டியிருக்கிறது என்று இவர் சொல்கிறார். இரண்டில் எது கனமான வாதம் என்று அந்தக் கூட்டத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

எனக்கு இதில்தான் மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. தேவைக்கு மேலேயே இருக்கிறது. 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தை 2019-இல் திருத்தினார்கள். குடித்துவிட்டு ஓட்டினால் 185-ஆம் பிரிவு. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டுமே. கூடவே 206-ஆம் பிரிவு சொல்கிறது: அதிவேகம், ஆபத்தான ஓட்டம், குடிபோதை, ரேஸ், டிரிபிள்ஸ், ஹெல்மெட் இல்லாமை, ஆம்புலன்சுக்கு வழிவிடாமை என்று எதில் சிக்கினாலும் போலீஸ்காரர் லைசென்சைப் பறிமுதல் செய்து ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்ப வேண்டும். அவர் விளக்கம் கேட்டுவிட்டு, முதல் தடவை என்றால் 3 மாதத்துக்கு நிறுத்திவைக்கலாம். மறுபடி சிக்கினால் ரத்தே செய்யலாம். அப்படி நிறுத்திவைத்த காலத்தில் ஓட்டினால் 182-ஆம் பிரிவு. முன்பு அதற்கு 500 ரூபாய் அபராதம்; 2019-இல் 10,000 ஆக்கினார்கள், 3 மாதம் வரை ஜெயிலும் உண்டு.

படிக்கும்போதே பயமாக இருக்கிறதல்லவா? எங்கள் தெருவில் யாருக்கும் பயமாக இல்லை. லைசென்சைப் பறிமுதல் செய்யும்போது போலீஸ்காரர் ஒரு ரசீது கொடுக்கிறார். அந்த ரசீதை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது என்று அதே பிரிவு தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நம்மவர் அதை லேமினேட் செய்து பர்சில் வைத்துக்கொள்கிறார். அடுத்த செக்கிங்கில், "லைசென்ஸ் உங்க ஆளுங்ககிட்டதான் சார் இருக்கு, ரசீது பாருங்க" என்று நீட்டுகிறார். பறிமுதல் ஆனதற்கான அத்தாட்சியே ஓட்டுவதற்கான அனுமதிச் சீட்டாகிவிடுகிறது! கூட்ட நேரத்தில் அந்தப் போலீஸ்காரருக்கும் அதை நின்று படிக்கப் பொறுமை இருப்பதில்லை.

ரசீதுகூட வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். கார்டு பறிபோகும் முன்பே எடுத்த கலர் ஜெராக்ஸ் வண்டி டேங்க் கவரில் இருக்கும். போனில் பழைய ஃபோட்டோ இருக்கும். போலீஸின் கையிலுள்ள மெஷினில் நம்பரைத் தட்டினால், நிறுத்திவைத்த விவரம் மத்திய அரசின் 'சாரதி' பதிவில் தெரியும். ஆனால் நம்பரைத் தட்டுவதற்கு முதலில் அவனை நிறுத்த வேண்டும். எதைப் பார்த்து நிறுத்துவது? ஹெல்மெட் போடாதது தூரத்திலிருந்தே தெரிகிறது. மூன்று பேர் உட்கார்ந்திருப்பது தெரிகிறது. லைசென்ஸ் போனது நெற்றியில் எழுதியா ஒட்டியிருக்கிறது?

இங்கே ஒரு வேடிக்கை நடக்கிறது. லைசென்ஸ் போன பிறகுதான் நம்மவர் உத்தம ஓட்டுநர் ஆகிறார். அதுவரை கண்ணாடியில் மாட்டித் தொங்கவிட்டிருந்த ஹெல்மெட் தலைக்கு ஏறுகிறது. சிகப்பு விழுந்தால் கோட்டுக்கு ஒரு முழம் முன்பே நிற்கிறார். இண்டிகேட்டர் போடுகிறார். ஒன்வேயில் எதிரே போவதில்லை. கேட்டால், "மாட்டக் கூடாதுல்ல?" என்கிறார். அடப்பாவி, இதைத்தானே லைசென்ஸ் இருந்தபோது செய்யச் சொன்னார்கள்! ஒழுங்காக ஓட்டத் தெரியாதவர் என்று நினைத்தால், நன்றாகவே தெரிந்திருக்கிறது. செய்யத்தான் மனசில்லாமல் இருந்திருக்கிறது. அந்த ஒழுங்கும் ராத்திரி ஒன்பது மணி வரைதான். அதற்கு மேல் எந்தச் சந்தில் புகுந்தால் எந்த செக்கிங்கைத் தாண்டலாம் என்ற பூகோளம் அவருக்கு மனப்பாடம். எந்த முனையில் ஊதச் சொல்கிறார்கள் என்று வாட்ஸ்அப் குரூப்பில் தகவல் வந்துவிடும். மழைக்காலத்தில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று சொல்லாத குரூப்பெல்லாம் இதை மட்டும் நொடியில் சொல்லிவிடுகிறது.

சரி, ஏன் ஓட்டுகிறாய் என்று கேட்டால் பதில்கள் தயாராக இருக்கின்றன. முதல் பதில், "இதோ, கிட்டக்கதான்." பால் வாங்கக் கிட்டக்கதான். பையனை டியூஷனில் விடக் கிட்டக்கதான். மாமியார் வீடு எழுபது கிலோமீட்டர் தள்ளி, அதுவும் பைபாஸ் பிடித்தால் கிட்டக்கதான். கிட்டக்க என்ற சொல்லுக்குள் தமிழ்நாடே அடங்கிவிடும் போலிருக்கிறது.

இரண்டாவது பதில், "லைசென்சே எடுக்காதவன் எத்தனை பேர் ஓட்டுறான், அவனைப் பிடிக்கச் சொல்லுங்க." இதற்குப் பதில் சொல்ல முடியாமல் நானே பலமுறை வாயடைத்துப் போயிருக்கிறேன். ஏனென்றால் அவர் சொல்வது உண்மை. எங்கள் தெருவிலேயே பத்தாவது படிக்கிற பையன்கள் அப்பா வண்டியில் டியூஷனுக்குப் போகிறார்கள். லைசென்சே இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம். பையன் ஓட்டி மாட்டினால் அப்பாவுக்கு 25,000 ரூபாய் அபராதம், 3 வருடம் வரை ஜெயில், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து என்று 2019 திருத்தத்தில் 199ஏ என்று புதிதாக ஒரு பிரிவே போட்டார்கள். அப்பாக்கள் அசரவில்லை. இதன் உச்சக்கட்டத்தையும் பார்த்துவிட்டேன். லைசென்ஸ் நிறுத்திவைக்கப்பட்ட ஒரு அப்பா, "நான் ஓட்டினா கேஸுதானே வரும்?" என்று பதினைந்து வயசு மகனை முன்னால் உட்காரவைத்து ஓட்டச் சொல்லிப் பின்னால் ஏறிக்கொண்டார். லைசென்ஸ் போனவர் பின்னால், லைசென்ஸ் வாங்கும் வயசே வராதவன் முன்னால். சட்டத்துக்குக் கட்டுப்பட்டதாக முகத்தில் ஒரு நிம்மதி வேறு!

மூன்றாவது பதில்தான் என்னைச் சிரிக்கவிடாமல் செய்வது. "ஓட்டலேன்னா சோறு யார் போடுறது?" குட்டி யானை ஓட்டுகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், காய்கறி மார்க்கெட்டுக்கு விடியற்காலை லோடு அடிக்கிறவர் இவர்களெல்லாம் கேட்கும் கேள்வி இது. வண்டிக்கு மாதத் தவணை கட்டியாக வேண்டும். மூன்று மாதம் சும்மா நின்றால் ஃபைனான்ஸ்காரன் வந்து வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். முதலாளி வண்டி என்றால், "நீ வரலேன்னா வேற டிரைவர் போடுறேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்காத முதலாளி, லோடு போய்ச் சேர்ந்ததா என்று மட்டும் நாலு தடவை போன் போடுவார். தகுதியில்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தால் உரிமையாளருக்கும் 5,000 ரூபாய் அபராதம் என்று 180-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் மாட்டும்போது டிரைவர்தான் மாட்டுகிறார். முதலாளி, "அவன் சொல்லவே இல்ல சார்" என்று நகர்ந்துவிடுகிறார்.

இந்த மூன்றாவது ஆளிடம் எனக்குக் கோபம் வருவதில்லை என்று சொன்னால் பொய். வருகிறது. ஆனால் கூடவே ஒரு கேள்வியும் வருகிறது: ஓட்டாதே என்று சொன்ன அரசாங்கம், ஓட்டாமல் எப்படிப் போவது என்பதற்கு வழி வைத்திருக்கிறதா? எங்கள் ஊரில் டவுன் பஸ் ராத்திரி ஒன்பதுக்கு மேல் கண்ணில் படாது. மில்லில் இரண்டாவது ஷிப்ட் முடிகிறவன் பன்னிரண்டு மணிக்கு எதில் வீடு திரும்புவான்? பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே தூக்கிக்கொண்டு போய் வைத்தார்கள். அங்கே போய்ச் சேரவே ஒரு வண்டி வேண்டும். வண்டி இல்லாதவனுக்குப் பிழைப்பு இல்லை என்று ஊரை அமைத்துவிட்டு, வண்டியை எடுக்காதே என்று மூன்று மாதம் தண்டனை கொடுத்தால், அவன் பிழைப்பைத்தான் தேர்ந்தெடுப்பான். இது அவன் செய்வதை நியாயப்படுத்த அல்ல. பைபாஸில் அவன் எதிரே வரும்போது, என் மகள் அதே ரோட்டில்தான் ஸ்கூட்டியில் போகிறாள்.

இந்தத் தண்டனை யாருக்கும் உறைக்காததற்கு இன்னொரு காரணத்தை நான் சட்டத்திலேயே பார்க்கிறேன். ஹெல்மெட் போடாமல் போனவருக்கு முதல் தடவை 3 மாதம். முட்டக் குடித்துவிட்டு ரோட்டில் நெளிந்தவருக்கும் முதல் தடவை 3 மாதம். ஆம்புலன்சை மறித்தவருக்கும் அதே 3 மாதம். தன் தலையைப் பணயம் வைத்தவனையும் அடுத்தவன் தலையைப் பணயம் வைத்தவனையும் ஒரே தட்டில் நிறுத்தினால், பார்க்கிறவனுக்கு என்ன தோன்றும்? இதுவும் ஒரு ஃபைன், கொஞ்சம் பெரிய ஃபைன், அவ்வளவுதான் என்று தோன்றும். உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015-இலேயே, குடிபோதை, அதிவேகம், சிக்னலை மீறுவது, ஓட்டிக்கொண்டே செல்போன் பேசுவது போன்றவற்றுக்குக் குறைந்தது 3 மாதம் லைசென்சை நிறுத்திவையுங்கள் என்று மாநிலங்களுக்குச் சொன்னது. நல்ல எண்ணம்தான். ஆனால் நிறுத்திவைத்த பிறகு அவன் உண்மையிலேயே ஓட்டாமல் இருக்கிறானா என்று பார்ப்பதற்கு எந்த முனையில் யார் நிற்கிறார்கள்?

அமெரிக்காவில் இதே பாடத்தை வேறு விதமாகப் படித்தார்கள். அங்கே பல மாநிலங்களில், ஓட்டியதில் தப்பு செய்ததற்காக மட்டும் இல்லாமல், அபராதத்தைக் கட்டாததற்காக, கோர்ட்டுக்கு வராததற்காக, பிள்ளைக்குத் தரவேண்டிய ஜீவனாம்சத்தைத் தராததற்காக என்று எதற்கெடுத்தாலும் லைசென்சை நிறுத்தினார்கள். அங்கே பெரும்பாலான ஊர்களில் காரில்லாமல் வேலைக்கே போக முடியாது. வேலைக்குப் போனால்தான் அபராதம் கட்ட முடியும். எனவே லைசென்ஸ் இல்லாமலே ஓட்டினார்கள், மாட்டினார்கள், இன்னும் அபராதம் ஏறியது. கடைசியில் கலிஃபோர்னியா மாநிலம் 2017-இல், போக்குவரத்து அபராதம் கட்டாததற்காக லைசென்சை நிறுத்துவதைக் கைவிட்டது. கட்ட முடியாதவனைத் தண்டித்தால் ரோடு பாதுகாப்பாவதில்லை என்று அவர்களுக்குப் புரிந்தது. நாம் அந்தப் பக்கம் போக வேண்டாம். ஆனால் ஆபத்தான ஓட்டுநரையும் ஹெல்மெட் மறந்தவரையும் பிரித்துப் பார்க்கவாவது கற்றுக்கொள்ளலாம்.

லைசென்ஸ் எப்படிக் கைக்கு வந்தது என்பதையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்டுகிறோம். அவர்களே ஃபார்ம் நிரப்புகிறார்கள். மைதானத்தில் எட்டு போடச் சொல்கிறார்கள். காலைத் தரையில் ஊன்றாமல் எட்டைப் போட்டுவிட்டால் பிரேக் இன்ஸ்பெக்டர் தலையாட்டுகிறார். நெடுஞ்சாலையில் லாரியை எப்படி முந்துவது, ராத்திரியில் எதிர் வண்டியின் ஹைபீமை எப்படிச் சமாளிப்பது, மழையில் எவ்வளவு தூரம் விட்டு ஓட்டுவது, எதையும் எவரும் கேட்பதில்லை. அப்புறம் அந்தக் கார்டு பர்சுக்குள் போய்விடுகிறது. எப்போது வெளியே வருகிறது? போலீஸ் கேட்கும்போது, அல்லது சிம் கார்டு வாங்கும்போது. நம் மனசில் லைசென்ஸ் என்பது கல்யாணப் பத்திரிகை மாதிரி. இருந்தால் மரியாதை; இல்லாவிட்டாலும் பந்தியில் யாரும் எழுப்பிவிடப் போவதில்லை. ஓட்டத் தெரிந்ததற்கான சான்றாக அது வரவே இல்லை. ஆகவே அது போகும்போதும், நமக்கு ஓட்டும் தகுதி போய்விட்டது என்று யாருக்கும் தோன்றுவதில்லை. கைதான் ஓட்டுகிறது, கார்டா ஓட்டுகிறது?

போதாததற்கு வீட்டு ஆட்கள் வேறு. என் ஆதங்கத்தின் பாதி இவர்கள் மேல்தான். ஒருவருக்கு லைசென்ஸ் நின்றுபோனது மனைவிக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், மச்சானுக்குத் தெரியும். காலையில் அவர் வண்டியை எடுக்கும்போது, "பார்த்துப் போங்க, போலீஸ் நிக்கப் போகுது" என்று வழியனுப்புகிறார்கள். பார்த்துப் போகச் சொல்வது போலீசுக்காக, ரோட்டுக்காக அல்ல. கல்யாண வீட்டில் மச்சான்கள் சேர்ந்து ஊற்றிக் கொடுத்துவிட்டு, "மாப்ள ஸ்டெடியா இருக்கார்" என்று சாவியையும் கையில் கொடுக்கிறார்கள். ஐநூறு ரூபாய் கடன் கேட்டால் ஆயிரம் கேள்வி கேட்கிற பக்கத்து வீட்டுக்காரர், "வண்டியை ஒரு நிமிஷம் குடுங்கண்ணே" என்றால் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறார். வண்டி மறுத்தால் உறவு முறிந்துவிடுமாம். கால் முறிந்தால் பரவாயில்லை போலிருக்கிறது.

அரசாங்கத்தை மட்டும் விடுவேனா? டாஸ்மாக் கடைகளில் 500 கடைகளை 2023 ஜூனில் மூடினார்கள். அதற்கு முன்பு 5,329 கடைகள் இருந்தன. மிச்சமிருக்கும் கடைகளில் ஒன்றின் வாசலுக்குச் சாயங்காலம் ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். வரிசையாக நிற்கிற பைக்குகளை எண்ணி முடிக்க முடியாது. அவர்களெல்லாம் எதில் வீட்டுக்குத் திரும்புவார்கள் என்று அரசாங்கத்துக்குத் தெரியாதா? கடையைத் திறந்து வைப்பதும் அரசாங்கம். கடை தாண்டி ஒரு கிலோமீட்டரில் ஊதச் சொல்வதும் அரசாங்கம். லைசென்சை நிறுத்துவதும் அரசாங்கம். நிறுத்திய பிறகு அதே ஆள் அடுத்த வாரம் அதே கடைக்கு அதே பைக்கில் வருவதை மட்டும் அரசாங்கம் பார்க்காது.

2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், பைக்கின் முன்சக்கரத்தைத் தூக்கிச் சாகசம் காட்டப்போய்த் தூக்கியெறியப்பட்டார் ஒரு யூடியூபர். அடுத்த மாதம் அவருடைய லைசென்சை 10 வருடத்துக்கு நிறுத்திவைத்தார்கள். என்ன நடந்தது? பெட்டிக்கடை முதல் காலேஜ் கேண்டீன் வரை, "பத்து வருஷமா, பாவம்டா" என்ற பேச்சுதான். அவர் பைக் அந்த வேகத்தில் எதிரே வந்த குடும்பத்தின் மேல் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எந்தப் பையனும் கேட்டு நான் பார்க்கவில்லை. தண்டனை பெற்றவன் மேல் பரிதாபம். ரோட்டில் போகிறவன் மேல் அலட்சியம். இந்த மனசை வைத்துக்கொண்டு எந்தச் சட்டம் வந்தாலும் என்ன செய்யும்?

கணக்கைப் பார்த்தாலாவது மனசு கேட்குமா என்று பார்க்கிறேன். 2022-ஆம் வருடம் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் செத்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாளொன்றுக்குச் சராசரியாக 49 பேர். அந்த வருடம் நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் நம்முடையதுதான், 64,105. இந்தியா முழுக்கச் செத்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரண்டு சக்கர வண்டியில் போனவர்கள். அதாவது நாம் "கிட்டக்கதான்" என்று எடுக்கிற அதே வண்டி.

விபத்து நடந்த பிறகு வேறொரு கணக்கு தொடங்குகிறது, அது யாருக்கும் முன்கூட்டித் தெரிவதில்லை. இன்சூரன்ஸ் பாலிசியை யாரும் படிப்பதில்லை. படித்தால் அதில், ஓட்டுகிறவருக்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும், ஓட்டத் தடை பெற்றவராக இருக்கக் கூடாது என்று ஒரு வரி இருக்கும். நிறுத்திவைத்த காலத்தில் ஓட்டி வண்டி நொறுங்கினால், அதற்குப் பணம் வராது. அடிபட்டவரை விட்டுவிட முடியாது என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழி காட்டியது: இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கட்டும், பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று. லட்சக்கணக்கில் வரும் அந்தத் தொகையைக் கட்ட வீட்டை விற்க வேண்டியிருக்கும். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு குடும்பம் இருக்கிறது. வண்டி மாமனார் பேரில், ஓட்டியது மருமகன், லைசென்ஸ் நின்று இரண்டு மாதம். இன்று வீடும் பேரம் பேசப்படுகிறது, சம்பந்தமும் பேரம் பேசப்படுகிறது. ரெண்டு பஸ் மாறியிருந்தால் எவ்வளவு டிக்கெட் ஆகியிருக்கும்?

என்ன செய்யலாம் என்று கேட்டால், புதுச் சட்டம் எதுவும் எனக்கு வேண்டாம். இருப்பதையே ஒழுங்காகச் செய்யுங்கள் என்பேன். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டும் வண்டியைப் பிடித்துவைக்க 207-ஆம் பிரிவில் போலீசுக்கு அதிகாரம் இருக்கிறது. கார்டு போனால் நாம் அசைவதில்லை. வண்டி போனால்தான் அசைவோம். குடித்து ஓட்டி லைசென்ஸ் போனவன் மறுபடி ஓட்டிச் சிக்கினால், பைக்கை ஸ்டேஷன் வாசலில் மூன்று மாதம் வெயிலில் நிறுத்துங்கள். டயர் காய்ந்து பாட்டரி செத்துப் போகட்டும். லைசென்ஸ் ரத்தானவர் பெயரைப் பொதுவில் வெளியிடலாம் என்று 2019 திருத்தத்திலேயே இடம் வைத்திருக்கிறார்கள். ஊரில் பேனர் வைக்கிற நமக்கு அதைவிட உறைக்கிற தண்டனை என்ன இருக்கிறது? நிறுத்திவைத்த லைசென்ஸ் திரும்பக் கிடைக்க மறுபயிற்சி வகுப்புக்குப் போக வேண்டும் என்ற விதியையும் பெயருக்கு வைக்காமல் உண்மையாகவே நடத்துங்கள். வகுப்பில் உட்காராதவருக்குக் கார்டைக் கொடுக்காதீர்கள். லோடு வண்டி மாட்டினால் டிரைவரோடு நிறுத்தாமல் முதலாளியையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லுங்கள். அபராதம் அவர் கையிலிருந்தும் போகட்டும். ராத்திரி ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு ஒரு பஸ்ஸையாவது விடுங்கள். நாற்பது சாவிகள் அதில் தூங்கும்.

மிச்சம் நம் பொறுப்பு. லைசென்ஸ் நின்றுபோன அண்ணனோ மச்சானோ மாப்பிள்ளையோ உங்கள் வீட்டில் இருந்தால், அவர் கார்டு எப்போது திரும்ப வரும் என்று விசாரிப்பதை விட்டுவிட்டு, ஆணியில் தொங்குகிற சாவியை எடுத்து உங்கள் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். சண்டை வரும். மரியாதை கெட்டுப்போச்சு என்பார். இரண்டு நாள் சாப்பிடாமல் இருப்பார். மூன்றாம் நாள் பஸ் ஏறிப் போவார். அதுவரை உங்களைத் திட்டுவார். திட்டட்டும், உயிரோடு இருக்கிறவனால்தான் திட்ட முடியும்.